ஞாயிறு நடை – 14: தலைக்கவசப் பூவும் தயிர் டப்பாவும்



போன வாரம் ரங்கிடோடோ எரிமலைத் தீவுல கால் தேய நடந்த கதையைப் படிச்சுட்டு, "அடுத்த வாரமாவது உடம்பைப் பார்த்துக்கோங்க"ன்னு அக்கறையா பின்னூட்டம் போட்டவங்களுக்கு நன்றி. இந்த வாரம் நடை ரொம்பக் கம்மி. மொத்தமே முந்நூறு மீட்டர்தான் இருக்கும். ஆனா அதுக்கு மூணு மணி நேரம் ஆச்சு. பாதி நேரம் முட்டி போட்டுக்கிட்டு இருந்தேன், மீதி நேரம் சேத்துல குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

காரணம் ஒரு பூ. கொண்டைக்கடலை சைஸ் பூ.

இன்னொரு காரணமும் இருக்கு. இந்தப் பூ விஷயத்துல நான் வந்த முதல் வருஷம் ஒரு தப்புப் பண்ணினேன். இத்தனை நாள் இங்க எழுதாமலே வச்சிருந்தேன். இன்னிக்கு எழுதிடறேன். திட்டறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டவும் :-)

வழுக்கி விழுந்த கதை

ஆக்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலம். இங்க ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர். பனியெல்லாம் கொட்டாது. ஆனா மழை பெய்யும் பாருங்க... நம்ம ஊர் மழை மாதிரி அடிச்சு ஊத்திட்டு ஓய்ஞ்சு போற மழை இல்லை. நச நசன்னு நாள் முழுக்க. துணி காயாது, மனசும் காயாது.

நார்த் ஷோர் பக்கம் நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்னக் காடு. இந்த ஊர்ல இது சாதாரணம். நாலு தெரு, ஒரு பஸ் ஸ்டாப், அதுக்குப் பின்னாடி ஒரு பள்ளத்தாக்கு, அதுல மானுகா, கானுகா மரங்க, மரம் உயரத்துக்கு வளர்ந்த பெரணிங்க. ஆய்வறிக்கை எழுத வேண்டிய நேரத்துல அங்க போய்ச் சுத்திக்கிட்டு இருந்தேன். (எங்க புரொபசருக்குத் தமிழ் தெரியாதுங்கற தைரியத்துல எழுதறேன்.)

ஒரு நாள் களிமண் மேட்டுல செருப்பு வழுக்கி, சரட்டுன்னு போய் பாதை ஓரத்துல விழுந்தேன். எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கண்ணுக்கு நேரா ஏதோ ஒண்ணு. காய்ஞ்ச சருகுக்கு நடுவுல, நம்ம பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஒரு இதய வடிவ இலை. அந்த இலை மேல, காம்பே இல்லாத மாதிரி, கருஞ்சிவப்பா ஒரு உருண்டை உட்கார்ந்திருக்கு. முதல்ல காளான்னு நினைச்சேன். அப்புறம் யாரோ சட்டைப் பொத்தானைத் தொலைச்சுட்டாங்கன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பார்த்தா குனிஞ்ச தலையில ஹெல்மெட் மாட்டின மாதிரி ஒரு பூ.

ஒண்ணைப் பார்த்ததும் பக்கத்துல இன்னொண்ணு தெரிஞ்சது. அப்புறம் இன்னொண்ணு. தினமும் நான் நடந்து போற பாதை அது. அத்தனை நாளும் கண்ணுல படவே இல்லை.

பேர் வந்த கதை

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததுல பேர் கிடைச்சது. கோரிபாஸ். ஆர்க்கிட் குடும்பத்துல ஒரு பேரினம். நான் பார்த்தது கோரிபாஸ் சீஸ்மனி.

கிரேக்கக் கதையில சிபெலின்னு ஒரு தாய்த் தெய்வம். அவளுக்கு முன்னாடி தலைக்கவசம் போட்டுக்கிட்டு, கேடயத்தைத் தட்டி, சாமி வந்து ஆடறவங்க கோரிபான்ட்கள். நம்ம மாரியம்மன் கோயில் பூசாரிங்களுக்கு ஹெல்மெட் போட்ட மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. 1807ல சாலிஸ்பரிங்கற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஒரு ஆஸ்திரேலியச் செடிக்கு இந்தப் பேரை வச்சார். மூணு வருஷம் கழிச்சு 1810ல ராபர்ட் பிரவுன் இதே கூட்டத்துக்கு "கோரிசாந்தஸ்"னு பேர் வச்சார். அப்படின்னா நேரடியாவே "தலைக்கவசப் பூ". முதல்ல வச்ச பேருக்குத்தான் மரியாதைங்கறது தாவரவியல் சட்டம். அதனால கோரிபாஸ் நிலைச்சுது. யார் பேர் வச்சாலும் ஹெல்மெட் மட்டும் மாறலை. சேலத்துல போலீஸ் பிடிச்சாக்கூட ஹெல்மெட் போடாத ஆளு நான், எனக்கு இப்படி ஒரு பூ!

தமிழ்ல இதுக்குப் பேர் இல்லை. அதனால இந்தப் பதிவு முழுக்க தலைக்கவசப் பூன்னே எழுதறேன்.

அந்த ஹெல்மெட் என்னன்னா, பூவோட மேல் புறவிதழ். அது அப்படியே முன்னாடி வளைஞ்சு கூரை மாதிரி மூடிக்குது. அதுக்குக் கீழ "உதடு"ன்னு சொல்ற பெரிய இதழ், குழாய் மாதிரி சுருண்டிருக்கு. மீதி இருக்கற இதழெல்லாம் நூல் மாதிரி தேய்ஞ்சு போச்சு. சீஸ்மனியில அந்த நூல் கண்ணுக்கே தெரியாது. அதோட உறவுக்கார இனங்கள்ல சிலதுக்கு அந்த நூல் நீளமா நாலா பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும். அதைப் பார்த்துட்டு இங்க இருக்கறவங்க சிலந்தி ஆர்க்கிட்னு சொல்றாங்க. இலையைத் திருப்பிப் பார்த்தா கீழ்ப்பக்கம் வெள்ளி பூசின மாதிரி மினுங்கும்.

சொந்த ஊர் எது?

எனக்கு ஆச்சரியம் என்னன்னா, இது அடிப்படையில வெப்பமண்டல மழைக்காட்டுப் பரம்பரை. இந்தப் பேரினத்துல நூறுக்கு மேல இனங்கள் இருக்கு. நியூ கினியாத் தீவுல குவிஞ்சு கிடக்கு. போர்னியோ, சுமத்ரா, ஜாவா மலைக்காடுகள்ல பாசி படிஞ்ச பாறையில வளருது. மேற்கே நம்ம சிக்கிம் வரைக்கும் வந்திருக்கு. கோரிபாஸ் ஹிமாலயிகஸ்னு ஒண்ணு, கல்கத்தா தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கிட்ட ஜார்ஜ் கிங்கும் அவரோட சேர்ந்து உழைச்ச பான்ட்லிங்கும் 1890கள்ல விவரிச்சது. 1960கள்ல மேகாலயாவுல இருந்து கோரிபாஸ் பர்ப்யூரியஸ்னு இன்னொண்ணு.

தெற்கே பார்த்தா இன்னும் ஆச்சரியம். நியூசிலாந்து முழுக்கப் பரவி, அதுக்கும் கீழ அண்டார்டிகாவுக்குப் போற வழியில இருக்கற மக்வாரி தீவு வரைக்கும் போயிருக்கு. மரமே இல்லாத, காத்து பிய்ச்சுக்கிட்டுப் போற அந்தத் தீவுல ரெண்டு இனம் இருக்கு. அதுல ஒண்ணுக்கு 1993லதான் பேர் வச்சாங்க, இன்னொண்ணுக்கு அதுக்கும் அப்புறம்தான். சிக்கிம் எங்கே, மக்வாரி எங்கே! அந்தத் தூரத்தை விதைதான் காத்துல கடந்திருக்கும். ஆர்க்கிட் விதை அவ்வளவு லேசு. தூசிதான்.

சீஸ்மனிக்கு ரொம்ப நெருங்கின சொந்தக்காரன் டாஸ்மன் கடலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவுல இருக்கான். மேற்குக் காத்துல ஒரு தூசி இங்க வந்து விழுந்ததுன்னு வச்சுக்கலாம். (உடனே "நம்மளை மாதிரியே"ன்னு ஆரம்பிக்காதீங்க. புலம்பெயர் உவமை எதுவும் இந்தப் பதிவுல கிடையாது. நான் விசா வாங்கிட்டு வந்தேன்.)

கணக்கு இன்னும் முடியலை. 2016ல வெலிங்டன்ல இருக்கற தே பாப்பா அருங்காட்சியகத்தோட கார்லோஸ் லேனபாக்கும் கூட்டாளிகளும் நியூசிலாந்துல இருந்தே இன்னும் ஐந்து புது கோரிபாஸ் இனங்களை விவரிச்சாங்க. இத்தனை வருஷமா ஆளுங்க காலடியில இருந்த செடிங்க.

நம்ம ஊர்ப் பக்கம் இதே போல ஒத்தை இலை விடற ஆர்க்கிட் நெர்விலியா. மலையாளத்துல ஓரிலத்தாமரன்னு அழகா பேர் வச்சிருக்காங்க. அதுல முதல்ல பூ வந்து போயிடும், அப்புறம்தான் இலை வரும்.

தயிர் டப்பா

சரி, பாவமன்னிப்புக்கு வர்றேன்.

ரெண்டாவது தடவை அங்க போனப்போ கையில ஒரு ஸ்பூன் எடுத்துட்டுப் போனேன். சுத்தி முத்தும் பார்த்துட்டு, நல்லா பூத்திருந்த ஒரு செடியை மண்ணோட தோண்டி, காலியான தயிர் டப்பாவுல வச்சுக் கொண்டு வந்தேன். கடையில வாங்கின தொட்டி மண்ணைச் சுத்திப் போட்டு, குழாய்த் தண்ணி ஊத்தி, சமையலறை ஜன்னல்ல வச்சேன். ரூம்ல ஒரு பூ இருந்தா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை. அவ்வளவுதான். வேற நியாயம் எதுவும் என்கிட்ட இல்லை.

எங்க வீட்டுல கூட இருந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர். டீ போட வந்தவர் டப்பாவைப் பார்த்தார்.

"உதை ஏன் தம்பி பிடுங்கிக் கொண்டு வந்தனீ?"

"அழகா இருந்துச்சு அண்ணை."

"அது இருந்த இடத்தில அழகாத்தானே இருந்தது. உது சாகப் போகுது பார்."

அப்படியேதான் ஆச்சு. ஒரு வாரத்துல பூ கருத்துச் சுருங்கினது. அடுத்த வாரம் இலை ஓரம் மஞ்சளாச்சு. மூணாவது வாரம் டப்பாவைக் கவுத்துப் பார்த்தேன். பட்டாணி அளவுக்கு ஒரு கிழங்கு இருந்தது. தொட்டதும் கொழகொழன்னு நசுங்கிப் போச்சு. அண்ணை ஒண்ணும் சொல்லலை. டப்பாவைக் கழுவி வச்சார். அது இன்னும் சங்கடமா இருந்தது.

ஏன் செத்தது?

தண்ணி கம்மியா, வெயில் ஜாஸ்தியான்னுதான் முதல்ல தேடினேன். படிக்கப் படிக்கத்தான் விஷயம் புரிஞ்சது. நான் கொண்டு வந்தது செடியில பாதியைத்தான். மீதிப் பாதி மண்ணுலயே இருந்துடுச்சு.

சாதாரண விதைக்குள்ள குழந்தைக்குக் கட்டுச்சோறு கட்டின மாதிரி உணவு இருக்கும். அவரை விதையைப் பிளந்து பாருங்க, ரெண்டு பருப்பும் அதுதான். ஆர்க்கிட் விதையில அது கிடையாது. வெறும் கருவும் மேல ஒரு மெல்லிசுத் தோலும். அதனாலதான் காத்துல கடல் தாண்டுது, அதனாலயேதான் தனியா முளைக்கவும் முடியாது. சரியான பூஞ்சை அதுக்குள்ள நுழையணும். மண்ணுல சருகை மக்க வைக்கற பூஞ்சை நூல் மூலமா சர்க்கரையும் சத்தும் உள்ள வந்தாத்தான் அது செடியாகும். இதை முதல்ல கண்டுபிடிச்சவர் நோயல் பெர்னார்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1899ல. அதுவரைக்கும் ஐரோப்பாவுல ஆர்க்கிட் விதை ஏன் முளைக்கலைன்னு தோட்டக்காரங்க மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தாங்க.

தலைக்கவசப் பூவுக்கு இலை இருக்கு, பச்சையா இருக்கு, சமைக்கவும் தெரியும். ஆனா மழைக்காட்டுத் தரையில எவ்வளவு வெயில் கிடைச்சுடும்? வளர்ந்த பிறகும் அந்தப் பூஞ்சைச் சொந்தம் விட்டுப் போறதில்லை. இதே பேரினத்துல கோரிபாஸ் கிரிப்டாந்தஸ்னு ஒண்ணு இருக்கு. அது சமைக்கறதையே விட்டுடுச்சு. இலையே கிடையாது. வெளிறின உடம்போட சருகுக்கு அடியிலயே இருந்து, சருகுக்கு அடியிலயே பூக்குது. சாப்பாடு மொத்தமும் பூஞ்சை போடறது. 1956ல அதை விவரிச்சவர் டான் ஹாட்ச், நியூசிலாந்து ஆர்க்கிட்களைப் பத்தி வாழ்நாள் முழுக்க எழுதினவர்.

அப்போ என் தயிர் டப்பாவுல என்ன இருந்தது? கடை மண், குளோரின் தண்ணி, ஹீட்டர் காத்து. மெஸ் இல்லாத ஹாஸ்டல்ல ஒருத்தனை அடைச்சு வச்ச கதைதான்.

கடிக்காத கொசு

பூஞ்சைக் கதை அதோட முடியலை. பூவுக்கு விருந்தாளியா வர்றதும் பூஞ்சையை நம்பி வாழற பூச்சிதான். காளான் கொசுன்னு சொல்லலாம். கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. காளான்லயும் மக்கற பொருள்லயும் முட்டை போடும், புழு அதைத் தின்னு வளரும். (வைடோமோ குகையில டிக்கெட் வாங்கிட்டு அண்ணாந்து பார்க்கறோமே மின்மினிப் புழு, அதுவும் ஒரு வகைக் காளான் கொசுவோட புழுதான்.)

தரையோட தரையா, கருஞ்சிவப்பா, ஈரமா, குடை மாதிரி கவிழ்ந்து இருக்கற பூ. கொசுவோட கண்ணுல பாருங்க. காளான்! முட்டை போட நல்ல இடம்னு நம்பி உள்ள நுழையுது, பூ அதோட முதுகுல மகரந்தத்தை ஒட்டி அனுப்பிடுது, இப்படித்தான் இருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளா சந்தேகப்பட்டாங்க. ஆக்லாந்து பல்கலைக்கழகத்து ஆன் காஸ்கெட்டும் கூட்டாளிகளும் சீஸ்மனியையே எடுத்துக்கிட்டு ஆராய்ஞ்சு 2013ல வெளியிட்டாங்க. வந்த பூச்சிகள்ல காளான் கொசுக்கள்தான் முக்கியம். அதோட, கொசு வரலைன்னா பூ தன்னைத்தானே கருவுறச் செஞ்சுக்கவும் செய்யுது. மழை நாள்ல கொசு வராதுன்னு முன்யோசனை போல.

இந்தச் சீஸ்மன் யாருன்னு சொல்லலையே. தாமஸ் சீஸ்மன். சின்னப் பையனா இங்கிலாந்துல இருந்து வந்தவர். 1874ல இருந்து 1923ல சாகற வரைக்கும் ஆக்லாந்து அருங்காட்சியகத்தைக் கட்டிக் காத்தவர். 1906ல நியூசிலாந்துத் தாவரங்களைப் பத்தி அவர் எழுதின கையேடு பெரிய நூல். அதுக்கெல்லாம் முன்னாடி, இளைஞரா இருந்தப்போ, டெரோஸ்டைலிஸ்னு இன்னொரு ஆர்க்கிட்டை ஆராய்ஞ்சார். அதோட உதடு தொட்டால்சிணுங்கி மாதிரி. பூச்சி வந்து உட்கார்ந்ததும் சடக்குன்னு மேல தூக்கி அடைச்சுடும். பூச்சி தப்பிக்க ஒரே சந்துதான். அந்தச் சந்துலதான் மகரந்தமும் சூல்முடியும் இருக்கு.

இதை எப்படி நிரூபிச்சார் தெரியுமா? பன்னிரண்டு பூவுல உதட்டை மட்டும் முன்கூட்டியே நீக்கிட்டு, செடியை அது இருந்த இடத்துலயே விட்டார். ஒண்ணுல கூடக் காய் பிடிக்கலை. டார்வின் தன்னோட ஆர்க்கிட் புத்தகத்தோட 1877ஆம் வருஷப் பதிப்புல இந்தச் சோதனையைச் சொல்லியிருக்கார். நான் ஸ்பூன் எடுத்துட்டுப் போன ஊர்லதான் நூத்தைம்பது வருஷம் முன்னாடி ஒருத்தர் இப்படிக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். ஹ்ம்ம்.

பூ வாடினப்புறம்தான் இன்னொரு வேடிக்கை. இலையோட ஒட்டிக்கிட்டிருந்த பூ, காய் பிடிச்சதும் காம்பை நீட்ட ஆரம்பிக்கும். ஒரு ஜாண் உயரம் வரைக்கும் கூடப் போகும். சருகுக்குள்ள இருந்தா விதை எங்க பறக்கறது? அதனால காயை மட்டும் காத்துக்குத் தூக்கிக் காட்டுது. கண்ணாடி மாதிரி வெளுத்த ஒரு குச்சி, உச்சியில ஒரு காய். வெடிச்சதும் புகை மாதிரி விதை. அப்புறம் கோடைக்கு மேல எல்லாம் மறைஞ்சு, கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும். நான் தோண்டினது பூத்த செடி. அது தூக்கிக் காட்டியிருக்க வேண்டிய காயையும் சேர்த்துத்தான் கொன்னேன்.

என்ன பிரயோஜனம்?

வீட்டுக்குப் போன் பண்ணினப்போ இந்தப் பூவைப் பத்தி மூச்சு விடாம சொன்னேன். (டப்பாவைப் பத்தி சொல்லலை.) அம்மா "நல்லாருக்கு கண்ணு, சாப்புட்டியா?"ன்னாங்க. அப்பா நேரா விஷயத்துக்கு வந்தார். "ஏண்டா, அதனால என்ன பிரயோஜனம்?"

பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் ஏற்காடு டூர் போவோம். ஏரியில போட்டிங் ஒரு மணி நேரம், லேடீஸ் சீட்ல ஒரு மணி நேரம், ஆர்க்கிட் தோட்டத்துல பத்து நிமிஷம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963ல இருந்து நடத்தற தேசிய ஆர்க்கிட் தோட்டம் அது. எங்க வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துல போயிடலாம். அங்க நான் பார்த்ததுல ஞாபகம் இருக்கறது குரங்கு மட்டும்தான். அவ்வ்வ்வ்...

ஆனா ஆர்க்கிட்டோட பிரயோஜனம் அப்பாவுக்கே தெரியும். நாட்டு மருந்துக் கடையில சாலாமிசிரின்னு ஒண்ணு விக்கறாங்க இல்லையா? தெம்புக்குன்னு பால்ல கலந்து குடிக்கறது. அது ஆர்க்கிட் செடிகளோட காய்ஞ்ச கிழங்கு. துருக்கியில அதையே சலெப்னு சொல்லி, சூடா குடிக்கறாங்க, ஐஸ்கிரீம்லயும் போடறாங்க. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேல கிழங்கு வேணும். எல்லாம் காட்டுல தோண்டறது. அப்படித் தோண்டித் தோண்டியே பல இடத்துல அந்தச் செடிங்க அருகிப் போச்சு. அங்க இருந்து ஏற்றுமதியைத் தடை பண்ண வேண்டியதாச்சு. காட்டுச் செடி வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்துல ஆர்க்கிட் குடும்பத்தையே மொத்தமா சேர்த்து வச்சிருக்காங்க.

அதனால அப்பாகிட்ட சொன்னேன்: "பிரயோஜனம் ஒண்ணும் இல்லப்பா. இருந்திருந்தா இந்நேரம் தோண்டியிருப்பாங்க." அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அதுவும் சரிதான்"னார். எனக்குத்தான் உள்ள குத்துச்சு. பிரயோஜனமே இல்லாத பூவைத்தானே நான் தோண்டினேன்.

பெரியவர் கேட்ட ரெண்டு கேள்வி

அடுத்த வருஷம் செடி பார்க்கப் போற கூட்டம் ஒண்ணோட நடைக்குப் போக ஆரம்பிச்சேன். எல்லாரும் எழுபது வயசுக்கு மேல. கழுத்துல உருப்பெருக்கிக் கண்ணாடி, முட்டியில ரப்பர் பட்டை. காட்டு வாசல்ல முதல் வேலை, செருப்பைக் கழுவறது. பிரஷ் வச்சு மண்ணைச் சுரண்டி, மருந்து தெளிச்சு, அப்புறம்தான் உள்ள.

கவுரி மரத்துக்காக இந்த ஏற்பாடு. ஆயிரம் வருஷம் வாழற மரம். மண்ணுல வர்ற ஃபைட்டாஃப்தோரான்னு ஒரு நோய்க்கிருமி அதோட வேரைத் தின்னு கொல்லுது. மருந்து போட்டு முழுசா குணப்படுத்த வழியில்லை. குண்டூசித் தலையளவு மண் செருப்புல ஒட்டியிருந்தாலும் பரவிடும். 2017 டிசம்பர்ல வைடாகெரே மலைக்காட்டுக்கு அந்த மண்ணோட மவோரி மக்களான தே கவெராவ் ஆ மாகி குலத்தார் ராஹுயி அறிவிச்சாங்க. காடு ஆற வேண்டியிருக்கு, யாரும் போகாதீங்கன்னு சொல்ற கட்டு அது. நம்ம ஊர்க் கோயில் காடுகள்ல அருவா எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு இருக்கே, அது மாதிரி. 2018 மே மாசம் நகர மன்றமும் அங்க பெரும்பாலான பாதைகளை மூடினது. அப்புறம் பாதையைச் சரி பண்ணிக் கொஞ்சம் கொஞ்சமா திறந்துட்டு வர்றாங்க.

அந்த நடையில ஒரு பெரியவர்கிட்ட, தனியா நடந்தப்போ, தயிர் டப்பா கதையைச் சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். நின்னார். ரெண்டு கேள்வி கேட்டார்.

"செத்ததைத் திரும்பக் காட்டுல கொண்டு போய்ப் போட்டியா?"

"இல்லைங்க. குப்பையில போட்டேன்."

"நல்ல வேளை. கடை மண்ணைக் காட்டுல கொட்டறது இன்னும் பெரிய தப்பு." அப்புறம், "அந்த இடத்துல மொத்தம் எத்தனை இருந்தது?"

தெரியலைன்னேன். உண்மையிலேயே எண்ணலை. ஒண்ணைத் தோண்டத் தெரிஞ்ச எனக்கு, எத்தனையில ஒண்ணுன்னு தெரியலை.

"இனிமே எண்ணு"ன்னார். அவ்வளவுதான்.

ஏன் எண்ணணும்னு அப்புறம் புரிஞ்சது. சீஸ்மனி நிறைய இருக்கற இனம்தான், ஒண்ணு போனா உலகம் முடிஞ்சுடாது. ஆனா எல்லாமே ஒரு காலத்துல நிறைய இருந்ததுதான். கோரிபாஸ் கார்சியைன்னு சதுப்பு நிலத்துல வளர்ற ஒரு உறவுக்காரன் இருக்கு. 1912ல சீஸ்மனே விவரிச்சது. சதுப்பு நிலங்களை வடிச்சு மாட்டுப் பண்ணையாக்கினதுல, ஆக்லாந்துக்குத் தெற்கே இருக்கற வங்காமரினோ சதுப்புல மட்டும்தான் அது மிஞ்சினது. 2024 அக்டோபர்ல அந்தச் சதுப்புல சுமார் ஆயிரம் ஹெக்டேர் தீயில எரிஞ்சது. ஒரே வீட்டுல எல்லாச் சொத்தையும் வச்சிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எங்க, எத்தனைன்னு யாராவது எழுதி வச்சிருந்தாத்தான், குறையறதே தெரியும்.

இந்த ஞாயிறு

அதனால இப்போ ஒவ்வொரு ஜூலையும் போறேன். செருப்பைக் கழுவிட்டு, நோட்டுப் புத்தகம் எடுத்துக்கிட்டு. ஸ்பூன் இல்லை. இலை எத்தனை, பூ எத்தனைன்னு தனித்தனியா எண்ணுவேன். எல்லா இலையும் பூக்காது. பழைய கிழங்கு வருஷா வருஷம் வத்திப் போய்ப் புதுக் கிழங்கு வைக்கும், கூடவே மெல்லிசா வேர் ஓட்டி பக்கத்துல குட்டிக் கிழங்கும் வைக்கும். அதனால கூட்டமா தெரியற பாதிப் பேர் ஒரே செடியோட நகலா இருக்கலாம்.

போன வருஷம் 41 இலை, 6 பூ. இந்த ஞாயிறு 58 இலை, 9 பூ. மழையில நோட்டு நனைஞ்சு ரெண்டு தடவை எண்ண வேண்டியதாச்சு. ஒரு பூவுக்குள்ள ஒரு குட்டிக் கொசு போறதைப் பார்த்தேன். வெளிய வர்றதைப் பார்க்கணும்னு இருபது நிமிஷம் படுத்துக் கிடந்தேன். வரலை. எனக்குத்தான் தும்மல் வந்தது.

பாதை ஓரத்துல நான் தோண்டின இடம் நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு பெரணி வேருக்குப் பக்கத்துல. சுத்தி எல்லா இடத்துலயும் இலை வந்திருக்கு. அங்க இன்னும் ஒண்ணும் வரலை. அடுத்த ஜூலையும் பார்க்கணும்.

வீட்டுக்கு வந்ததும் யாழ்ப்பாணத்து அண்ணைக்குப் போன் பண்ணினேன். அவர் இப்போ ஹாமில்டன்ல இருக்கார். ஐம்பத்தெட்டுன்னு சொன்னேன்.

"என்ன ஐம்பத்தெட்டு?"

"பூச்செடி அண்ணை. தயிர் டப்பா."

"ஓ... உதை இன்னும் மறக்கேல்லையா நீ?" சிரிச்சார். "சரி, நல்லா எண்ணு."

அடுத்த ஞாயிறு பார்ப்போம் மக்களே. மழை விட்டா மேற்குக் கடற்கரை, விடலைன்னா வீட்டுல ரசம்.

டிஸ்கி 1: அந்தக் காடு எங்க இருக்குன்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க. ஆர்க்கிட் பார்க்கறவங்க இடத்தைச் சொல்ல மாட்டாங்க. ஏன்னு என்னைப் பார்த்தாலே தெரியலையா?

டிஸ்கி 2: ஏற்காடு பக்கம் இருக்கற பதிவர்கள் யாராவது அந்தத் தோட்டத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நிதானமா பார்த்துட்டு எழுதுங்களேன். குரங்கு இல்லாத படங்களோட :-)